கப்பல்ல எந்த ரூம் போடுதிய, அண்ணாச்சி?

கப்பலைப் பற்றிப் பேசத் திருநெல்வேலிக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதல் உரிமை உண்டு. 1906 அக்டோபரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தபோது ஒரு பங்கின் விலை 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். தூத்துக்குடி அன்று நெல்லைச் சீமைக்குள் இருந்தது. மறுவருஷம் வந்து சேர்ந்த ‘காலியா’வும் ‘லாவோ’வும் கொழும்புக்கு ஓடின. அவற்றில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று அறைகள் இருந்தாலும் அதில் போனவர்கள் சில டஜன் பேர்தான். மற்ற ஆயிரத்துச் சொச்சம் பேரும் சாதாரண டிக்கெட்.

அதற்கடுத்த தலைமுறை ‘ராஜுலா’வில் போனது. 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நடையாய் நடந்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்து வீடுகளில் சிங்கப்பூர் போன தாத்தா இருந்தால், அவர் பெரும்பாலும் அதில் போனவராக இருப்பார். அறை எல்லாம் துரைமாருக்கு. இவர்களுக்கு டெக்கில் பாய் விரித்த இடம்தான். எந்த அறை என்று தேர்ந்தெடுக்கும் கவலையே அவர்களுக்கு இல்லை. கையிலிருந்த காசு தேர்ந்தெடுத்தது.

இப்போது நெல்லையில் பேட்டையிலும் டவுனிலும் ரிட்டயர்மெண்ட் பணம் கைக்கு வந்தவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள், பிள்ளைகள் அமெரிக்காவில் இருந்து டிக்கெட் போட்டுத் தரும் பெற்றோர் என்று கப்பலில் ‘சும்மா’ போய்வர ஆசைப்படுகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். ஊர் பார்க்கப் போவது அப்புறம், கப்பலில் இருப்பதே பயணம் என்ற வகை. அவர்கள் கேட்கும் முதல் கேள்விதான் தலைப்பு. கேட்டுவிட்டு அவர்களே பதிலும் சொல்லிக்கொள்கிறார்கள்: “இருக்கதுலயே ஒசரத்துல, முன்னால, பால்கனி வச்சதா ஒண்ணு போட்ருங்க.” பெரிய கப்பலில் இந்தப் பதில் பரவாயில்லை. சின்னக் கப்பலில் காசும் கொடுத்து வாந்தியும் எடுக்கிற வழி அது.

எது சின்னக் கப்பல்?

2024 ஜனவரியில் ஓடத் தொடங்கிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ 365 மீட்டர் நீளம், இரண்டரை லட்சம் டன்னை ஒட்டிய கொள்ளளவு. அதோடு ஒப்பிட்டால், சென்னையிலிருந்து ஓடிய கார்டிலியா நிறுவனத்தின் ‘எம்ப்ரஸ்’ ஐந்தில் ஒரு பங்கு. நமக்கு அது மிதக்கும் மாளிகையாகத் தெரிந்தாலும், 1990-ல் ‘நார்டிக் எம்ப்ரஸ்’ என்ற பெயரில் கட்டப்பட்ட அது கப்பல் உலகக் கணக்கில் சிறிய வகைதான். அதன் உள் அறைகள் 120 சதுர அடியை ஒட்டித்தான் இருக்கும். விளம்பரப் படத்தை அகலக் கோணத்தில் எடுக்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அதற்கும் கீழே போனால் லட்சத்தீவுக் கப்பல்கள். ‘கவரத்தி’ 700 பேரை ஏற்றும். கொழும்பு கப்பல் கட்டும் தளத்தில் செய்த ‘கோரல்ஸ்’, ‘லகூன்ஸ்’ தலா 400 பேர். ‘அரேபியன் சீ’, ‘லட்சத்வீப் சீ’ தலா 250. இன்னும் கீழே, ஆற்றில் ஓடுவது: 2023 ஜனவரி 13-ல் வாராணசியில் கிளம்பி திப்ருகர் போய்ச் சேர்ந்த ‘கங்கா விலாஸ்’. 62 மீட்டர் நீளம், 18 அறை, 36 பயணிகள், அவ்வளவுதான். ஆற்றுக் கப்பலில் ஆட்டம் கிடையாது என்பதால் அங்கே எந்த அறை என்பது வசதி சார்ந்த கேள்வி. கடலில் அது உடம்பு சார்ந்த கேள்வி.

நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பலைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 2024 ஆகஸ்டில் இருந்து ‘சிவகங்கை’ ஓடுகிறது. நாலு மணி நேரப் பயணம்; அறையே கிடையாது, இருக்கைதான். 2011-ல் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஓடிய ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ஸில் அறைகள் இருந்தன. ஜூனில் ஆரம்பித்து அந்த வருஷம் முடிவதற்குள் நின்றுபோனது. நம்மூர்த் துறைமுகத்திலிருந்து அறையெடுத்துப் போகும் யோகம் அதோடு முடிந்தது. இப்போதைக்கு கொச்சியோ சென்னையோதான்.

நெல்லைக்காரருக்குக் கொச்சி சுளுவு. இரவு பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் பேட்டை, சேரன்மாதேவி, அம்பை, தென்காசி என்று அந்த வழியே ஓடி, காலையில் எர்ணாகுளத்தில் விட்டுவிடும்.

தேர் ஆடும் கணக்கு

அலையில் கப்பல் முக்கியமாக இரண்டு விதமாக ஆடும். பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்வது ஒன்று. முன்பக்கம் ஏறிப் பின்பக்கம் இறங்குவது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் கப்பலின் வயிற்றுப் பகுதியில், நீர்மட்டத்தை ஒட்டி, ஏறக்குறைய அசையாத ஓர் இடம் இருக்கிறது. அங்கிருந்து மேலே போகப் போகப் பக்கவாட்டு ஆட்டம் கூடும். முன்னாலும் பின்னாலும் போகப் போக ஏற்ற இறக்கம் கூடும். ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேர் ரதவீதி திரும்பும்போது பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். உச்சிக் கும்பம் போடும் ஆட்டம் சக்கரத்தடியில் நிற்பவருக்குத் தெரியாது.

ஆகவே, சின்னக் கப்பலில் நல்ல அறை என்பது நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் இருப்பது. கம்பெனி அதிக விலை சொல்வது மேல்தளத்தில் முன்பக்க அறைகளுக்கு. பெயர் என்னவோ சூட். அலை எழும்பினால் அந்தச் சூட்டில் படுத்திருப்பவரை அது தூக்கித் தூக்கிப் போடும். இரண்டாயிரம் ரூபாய் குறைந்த கீழறையில் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

பெரிய கப்பலுக்கு நீளமும் எடையும் இருப்பதால் சாதாரண அலையை அது பொருட்படுத்துவதில்லை. சின்னது ஒவ்வோர் அலைக்கும் பதில் சொல்லும். “இப்பம் எல்லாக் கப்பல்லயும் ஸ்டெபிலைசர் இருக்கே?” என்று கேட்பார்கள். இருக்கிறது. கப்பலின் இருபுறமும் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் துடுப்பு மாதிரி அமைப்பு. அது பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்பின் ஏற்ற இறக்கத்தை ஒன்றும் செய்யாது. வழக்கமான வகை கப்பல் ஓடும்போதுதான் வேலை செய்யும். நங்கூரம் போட்டு நின்றால் ஓய்வெடுக்கும். தீவுக்கு வெளியே நின்றுகொண்டு ஆடுவதுதான் சின்னக் கப்பலின் நாளில் பாதி.

படத்தை விடுங்கள், பிளானைக் கேளுங்கள்

கட்டில், மெத்தை, பூக்கிண்ணம் உள்ள படத்தைப் பார்த்து அறை எடுக்காதீர்கள். ‘டெக் பிளான்’ கேளுங்கள். ஒவ்வொரு தளத்திலும் எந்த அறை எங்கே, அதற்கு மேலே என்ன, கீழே என்ன என்று காட்டும் வரைபடம் அது. அதைத் தர மறுக்கும் ஏஜெண்டிடம் பணம் கட்டுவதைவிட டவுனில் அல்வா வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

வரைபடத்தில் முதலில் பார்க்க வேண்டியது தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது. சமையல்கூடம் இருந்தால் விடியற்காலை நாலரைக்கே பாத்திர உருட்டல். நடன அரங்கமோ பாரோ இருந்தால் நள்ளிரவு தாண்டியும் தாளம். நீச்சல் குளத் தளம் இருந்தால் காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம். மேலேயும் கீழேயும் பயணிகள் அறைகளே இருந்தால் நல்லது. இரும்புக் கட்டடத்தில் சத்தம் ஓடுகிற தூரத்தை வீட்டுச் சுவரை வைத்துக் கணக்குப் போட முடியாது.

முன்பக்கக் கீழறையில் வேறொரு தொல்லை. நங்கூரச் சங்கிலி அங்கேதான் ஓடும். பெரிய கப்பல் துறைமுகத்தில் கட்டி நிற்கும். சின்னது தீவுகளுக்கு வெளியே நங்கூரம் போடுவதால், அதிகாலையில் சங்கிலி இறங்கும் சத்தம் தலைமாட்டில் கேட்கும். கரை அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறியும் முன்பக்கத்தில்தான் இருக்கிறது. ஓடும்போது அறை அதிரும். பின்பக்கம் போனாலோ எந்திரமும் சுழல்விசிறியும். தம்ளரில் வைத்த தண்ணீர் இரவெல்லாம் நடுங்கிக்கொண்டிருக்கும். சிலருக்கு அந்த அதிர்வே தாலாட்டு, அவர்களைக் குறை சொல்லவில்லை.

லிஃப்டுக்கு நேர் எதிரே உள்ள அறையை விட்டு, நாலு கதவு தள்ளி எடுப்பது புத்தி. முழங்கால் வலி உள்ளவர்கள் ரொம்பவும் தள்ளிப் போகவேண்டாம். சின்னக் கப்பல்கள் பலவற்றில் லிஃப்டே இல்லை. இருந்தாலும் எல்லாத் தளத்துக்கும் போகாது. படிகள் செங்குத்தாக இருக்கும். இதைக் கேட்காமல் எண்பது வயது அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

இரண்டு அறைகளை இணைக்கும் உள்கதவு வைத்த அறைகள் இருக்கும். குடும்பமாகப் போனால் வரப்பிரசாதம். இல்லாவிட்டால், பக்கத்து அறைக்காரரின் போன் பேச்செல்லாம் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

சன்னல், பால்கனி, சுவர்

உள் அறைக்குச் சன்னல் கிடையாது. விளக்கை அணைத்தால் கும்மிருட்டு. விடிந்ததா இல்லையா என்பது கடிகாரத்துக்கு மட்டும் தெரியும். தூக்கம் வராமல் தவிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல அறை இல்லை. ஆனால் அடைத்த இடத்தில் மூச்சுமுட்டுகிறவர்களும், ராத்திரி இரண்டு தடவை எழுந்திருக்கும் சர்க்கரைக்காரர்களும் இதை எடுக்கக் கூடாது. எடுத்தே ஆகவேண்டும் என்றால் பாத்ரூம் விளக்கைப் போட்டுக் கதவை லேசாகத் திறந்து வையுங்கள், இல்லையேல் ஒரு சின்ன டார்ச் கொண்டுபோங்கள்.

அடுத்தது வட்டச் சன்னல் அறை. கீழ்த்தளங்களில் இதுதான் இருக்கும். திறக்க முடியாது, கண்ணாடியில் உப்புப் படிந்திருக்கும், கடல் கொந்தளித்தால் ஊழியர்கள் வந்து இரும்பு மூடியைப் போட்டுவிட்டுப் போவார்கள். இருந்தாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஆட்டம் குறைவு, பகல் வெளிச்சம் உண்டு, தொடுவானம் தெரியும். தொடுவானம் தெரிவது அழகுக்காக மட்டும் இல்லை. கண் பார்ப்பதும் காது உணர்வதும் ஒத்துப்போகாததால்தான் தலை சுற்றுகிறது. அசையாத ஒரு கோட்டைப் பார்த்தால் பாதி சரியாகும்.

மேல்தளத்துச் சதுரச் சன்னலை நம்பி ஏமாறாதீர்கள். ‘மறைந்த காட்சி’ என்று விலைப் பட்டியலில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். திரையை விலக்கினால் கடலுக்குப் பதில் ஆரஞ்சு நிற உயிர்காப்புப் படகின் முதுகு. சில அறைகளின் சன்னலுக்கு வெளியே நடைபாதை. காலையில் வாக்கிங் போகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டு போவார்கள்.

பால்கனி? வடநாட்டு, வெளிநாட்டுக் கப்பல்களில் ஒரு வாரம் பத்து நாள் போகிறவருக்கு அது தேவைப்படலாம். சென்னையிலிருந்து இரண்டு இரவு போகிறவர் பால்கனிக்குப் பணம் கட்டுவது வீண். கதவைத் திறந்தால் வங்கக் கடலின் புழுக்கம் உள்ளே வரும், ஏ.சி. வெளியே போகும். ஓடும் கப்பலில் காற்று ஆளைத் தள்ளும். சின்னக் கப்பலில் நாலு எட்டு வைத்தால் திறந்த டெக், அங்கே கடல் எல்லோருக்கும் இலவசம்.

விலையில் ஒளிந்திருப்பவை

“ஒருவருக்கு இவ்வளவு” என்று போட்டிருப்பது அறையை இருவர் பகிர்ந்தால்தான். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இன்னொரு ஆளுக்கும் சேர்த்துக் கட்ட நேரும். துறைமுகக் கட்டணம், ஜி.எஸ்.டி., ஊழியர்களுக்கான டிப்ஸ், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு, வைஃபை என்று தனித்தனியாக வரும். எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று ஒரே தொகையாகக் கேளுங்கள்.

‘கேரண்டி’ அறை என்று ஒன்று உண்டு. விலை குறைவு. வகை மட்டும் உறுதி, எண் கிடையாது. எது மிஞ்சுகிறதோ அது. இளைஞர்களுக்குச் சரி. முதியவர்கள் அதில் விழவேண்டாம்.

நாலு பேர் அறை என்றால் நாலு கட்டில் என்று நினைத்துக்கொள்கிறோம். இரண்டு கீழே, இரண்டு சுவரிலிருந்து மடக்கி இறக்குவது. ஏணி வைத்து ஏறவேண்டும். மேல் பெர்த் தாத்தாவுக்கு விழுந்தால், ரயிலில் போல எதிர்சீட்டுத் தம்பியிடம் கெஞ்சி மாற்றிக்கொள்ள முடியாது; அறைக்குள் இருப்பது உங்கள் குடும்பம் மட்டும்தான். உறவினர்கள் எட்டுப் பேர் போவதாக இருந்தால் யார் கீழே, யார் மேலே என்பதை ஊரிலேயே பேசி முடித்துவிடுங்கள்.

நிற்கிற துறைமுகம் மாறலாம் என்பதும் ஒப்பந்தத்திலேயே இருக்கும். 2022 ஜூன் 4-ல் முதல்வர் ஸ்டாலின் சென்னையில் கொடியசைத்து அனுப்பிய எம்ப்ரஸ், அந்த மாதமே புதுச்சேரிக்கு அருகே வந்தும் பயணிகளை இறக்க அனுமதி கிடைக்காமல் திரும்பியது. கப்பலில் சூதாட்டக் கூடம் இருப்பது அங்கே பிரச்சினையாகிவிட்டது. புதுச்சேரி பார்க்கவே டிக்கெட் எடுத்தவருக்கு ஏமாற்றம்தான். ஆனால் அதற்குப் பணம் திரும்ப வராது.

லட்சத்தீவு: படகில் கால் வைக்கும் நொடி

நெல்லை வாசகருக்கு உண்மையாகக் கைக்கெட்டும் சின்னக் கப்பல் அனுபவம் கொச்சியிலிருந்து லட்சத்தீவு போவதுதான். 36 தீவுகள், பத்தில்தான் மக்கள் வாழ்கிறார்கள். எந்தத் தீவு என்பதைப் பொறுத்து 14 முதல் 18 மணி நேரம். அனுமதிச் சீட்டு இல்லாமல் போக முடியாது. தீவுவாசிகளுக்கு இந்தக் கப்பல்கள்தான் பஸ். ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் அதில்தான் வருகிறார்கள். சீட்டு கிடைக்கவில்லை என்று அலுத்துக்கொள்ளும்போது அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

லட்சத்தீவு அரசின் சுற்றுலா அமைப்பான ‘ஸ்போர்ட்ஸ்’ நடத்திவந்த ‘சமுத்திரம்’ என்ற ஐந்து நாள் திட்டம் கவரத்தி கப்பலில்தான். பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகள். இரவில் தூக்கம் கப்பலில். திட்டங்களும் கட்டணமும் அடிக்கடி மாறுவதால் போகும் பருவத்தில் அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள். இந்தக் கப்பல்களில் இரண்டு பெர்த் அறை, நாலு பெர்த் அறை, அதற்குக் கீழே வரிசையாகப் படுக்கும் பங்க் என்று இருக்கும். கேட்க வேண்டிய ஒரே கேள்வி: கழிவறை அறைக்குள்ளேயா, பொதுவா? பால்கனி, சூட் பேச்சே இங்கே இல்லை. மாளிகை எதிர்பார்த்துப் போகிறவர்கள் முகம் சுளித்துக்கொண்டு திரும்புவார்கள். கடல் பார்க்கப் போகிறவர்களுக்கு இதற்கு ஈடு கிடையாது.

தீவைச் சுற்றிப் பவளப்பாறை. உள்ளே ஆழமில்லாத நீலத் தண்ணீர். கப்பல் அதற்குள் நுழைய முடியாது. பல தீவுகளில் வெளியே நின்றுகொள்ளும். கரையிலிருந்து படகு வந்து பக்கத்தில் ஒட்டும். கப்பலின் பக்கவாட்டுக் கதவு வழியாக அந்தப் படகில் இறங்கவேண்டும். படகு அலையோடு மூன்றடி ஏறும், மூன்றடி இறங்கும். இரண்டு ஊழியர்கள் உங்கள் இரு புஜத்தையும் பிடித்துக்கொண்டு அலை ஏறும்வரை நிறுத்திவைப்பார்கள். “இப்போ!” என்றதும் காலை எடுத்து வைக்கவேண்டும். யோசித்தால் போச்சு, படகு கீழே போய்விடும். எந்த விளம்பரத்திலும் இல்லாத இந்த ஒரு நொடிதான் முதியவர்கள் இந்தப் பயணத்துக்குத் தயாரா என்பதை முடிவு செய்கிறது. புடவை கட்டுகிறவர்கள் அன்று சுடிதாருக்கு மாறிக்கொள்வது நல்லது. கையில் பை கூடாது, முதுகில் மாட்டுங்கள். தோல் செருப்பு வழுக்கும்.

கவரத்தியில் உஜ்ரா மசூதியின் மரச் செதுக்கல் மேற்கூரை, மினிக்காயில் 1885-ல் கட்டிய கலங்கரை விளக்கம் இரண்டையும் பார்க்காமல் வரவேண்டாம். நம்ம ஊர்க் கடைகளில் கிடைக்கும் மாசிக் கருவாட்டின் பிறந்தவீடும் இந்தக் கடல்தான். மினிக்காயில் சூரை மீனை அவித்துப் புகைபோட்டுக் காயவைப்பதைப் பார்க்கலாம்.

பேட்டையிலிருந்து போகிறவர்களில் தொழுகிறவர்கள் அதிகம் என்பதால் ஒரு சொல். கப்பல் திரும்பத் திரும்ப, தொழும் திசையான கிப்லாவும் மாறும். அறைக்குள் போனில் இருக்கும் திசைகாட்டியை நம்பாதீர்கள், சுற்றிலும் இரும்பு, அது தடுமாறும். மேலே டெக்கில் வந்து பாருங்கள், அல்லது கப்பல் எந்தத் திசையில் ஓடுகிறது என்று ஊழியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். லட்சத்தீவுக் கப்பல் தவிர மற்றக் கப்பல்களில் ஹலால், சுத்த சைவம் இரண்டையும் ஏறும் அன்று சொன்னால் நடக்காது. சின்னக் கப்பலில் ஒரே சமையல்கூடம், சாமான் ஏற்றியது ஏற்றியதுதான். டிக்கெட் போடும்போதே எழுதிக் கொடுங்கள்.

எப்போது போவது? கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் அரபிக் கடல் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள். மே பாதியிலிருந்து செப்டம்பர் பாதி வரை அங்கே கடல் முரடு. ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடலில் புயல் பயம். தை முதல் பங்குனி வரை இரண்டு பக்கமும் சாது.

சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஓடும் அரசுக் கப்பல்களிலும் டீலக்ஸ், முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, பங்க் என்று படிகள் உண்டு. ஆனால் ஏறக்குறைய 60 மணி நேரம். முதல் கடல் பயணத்துக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

ஏறிய பிறகு

பெட்டி பெரிதாக இருந்தால் அதற்கும் உங்களுக்கும் அறையில் இடம் போதாது. மடங்கும் பை கொண்டுபோனால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். இஸ்திரிப் பெட்டி, கெட்டில், காப்பிக்குத் தண்ணீர் சுடவைக்கும் சுருள் எதையும் எடுத்துப் போகாதீர்கள். கப்பலில் எல்லாவற்றையும்விடத் தீக்குத்தான் பயம். 2021 டிசம்பரில் கவரத்தி கப்பலின் எந்திர அறையிலேயே தீப்பிடித்து, அறுநூறுக்கும் மேற்பட்ட பயணிகளோடு நடுக்கடலில் நின்றது. கடலோரக் காவல்படை உதவிக்கு ஓடியது. நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை.

கழிவறை காற்றை உறிஞ்சி இழுக்கும் வகை. ‘டுப்’ என்று ஒரு சத்தம் போடும், பயப்படாதீர்கள். அதில் ஒரு துணித்துண்டைப் போட்டால் அந்த வரிசை முழுக்க அடைத்துக்கொள்ளும். வெளிநாட்டுக் கப்பலாக இருந்தால் ஒரு சின்ன மக் எடுத்துப் போங்கள். சிரிப்பவர்கள் இரண்டாம் நாள் கடன் கேட்பார்கள்.

தலைசுற்றலுக்கு அவோமின் மாதிரி மாத்திரைகள் இருக்கின்றன. வாந்தி ஆரம்பித்தபின் போட்டுப் பலனில்லை. ஏறுவதற்கு முன்பே போடவேண்டும். தூக்கம் வரும். கண் அழுத்த நோய், புரோஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் குடும்ப டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது. வெறும் வயிறு நிறைந்த வயிற்றைவிட மோசம். கொஞ்சமாக எதையாவது சாப்பிட்டுக்கொண்டே இருங்கள். குமட்டும்போது அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டு போன் பார்ப்பதுதான் எல்லோரும் செய்வது, அதுதான் நிலைமையைக் கெடுப்பதும். டெக்குக்கு வாருங்கள், நடுவில் நில்லுங்கள், தூரத்தைப் பாருங்கள்.

டாக்டர் இருக்கிறாரா என்று கேளுங்கள். சர்வதேசக் கடல் தொழிலாளர் உடன்படிக்கையின்படி நூறு பேரும் அதற்கு மேலும் ஏற்றிக்கொண்டு, மூன்று நாளைக்கு மேல் நாடு விட்டு நாடு போகும் கப்பலில் டாக்டர் கட்டாயம். அதற்குக் கீழே கட்டாயமில்லை. நாற்பது பேர் போகும் அழகான சின்னக் கப்பலில் நெஞ்சுவலி வந்தால் முதலுதவி தெரிந்த ஒரு மாலுமிதான் இருக்கக்கூடும். இதய நோயாளிகள் இதை யோசித்தே முடிவெடுக்கவேண்டும். 24 வாரம் தாண்டிய கர்ப்பிணிகளைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை.

இனி எல்லோரும் தவிர்க்கப் பார்க்கும் விஷயம்: ஆபத்துக்கால ஒத்திகை. ஏழு குட்டை ஊதல், ஒரு நீண்ட ஊதல் கேட்டால் எங்கே போய் நிற்கவேண்டும் என்று காட்டுவார்கள். 2012 ஜனவரி 13 இரவு இத்தாலிக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறியவர்கள் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. ஏறி 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்று அன்றைய விதி இருந்தது. 2015 முதல், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தவேண்டும் என்று மாற்றினார்கள். அத்தனை உயிர் கொடுத்து வாங்கிய அரைமணி நேரத்தை, காப்பி குடிக்கப் போய் வீணாக்காதீர்கள். அறையிலிருந்து படிக்கட்டு வரை எத்தனை கதவு என்று எண்ணி வையுங்கள். புகையிலும் இருட்டிலும் கைதான் கண். மிதவை அங்கி கட்டிலுக்கு அடியிலா, அலமாரியிலா என்று முதலில் பார்த்துவிட்டு அப்புறம் செல்ஃபி எடுங்கள்.

சின்னக் கப்பலுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு, அதையும் சொல்லவேண்டும். சாப்பாட்டுக்கு வரிசை கிடையாது. இரண்டாம் நாளில் பரிமாறுகிறவருக்கு உங்களுக்கு ஊறுகாய் வேண்டுமா, தயிர் வேண்டுமா என்று தெரிந்துவிடும். கேளிக்கை குறைவு, அதனால் பேச்சு அதிகம். ஐயாயிரம் பேர் கப்பலில் யாரோ ஒருவராக இருப்பீர்கள். இருநூறு பேர் கப்பலில் இறங்கும்போது நாலு வீட்டுக் கல்யாணத்துக்கு அழைப்பு வாங்கியிருப்பீர்கள். அறைக்குள் அடைந்து கிடக்க வேண்டும் என்றால் சின்னக் கப்பலுக்கு வரவே வேண்டாம். தூங்க ஒரு நடுவறை, வெளிச்சத்துக்கு ஒரு வட்டச் சன்னல், மற்றதெல்லாம் டெக்கில்.

ஏஜெண்டிடம் போகும்போது கையில் ஒரு துண்டுச்சீட்டில் எழுதிப் போங்கள்: நடுப்பகுதி, கீழ்த்தளம், மேலேயும் கீழேயும் அறைகள், கீழ் பெர்த், உள்ளேயே கழிவறை. டெக் பிளானில் அவர் விரல் வைத்துக் காட்டிய அறையின் எண்ணை ரசீதில் எழுதி வாங்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.